தீவுக்கு வந்தவர்கள் – 9: கெடாவிலிருந்து வந்த படகுகள்

1821 நவம்பர் மாதம். கெடா ஆற்றின் முகத்துவாரத்தில் சயாமின் லிகோர் ஆளுநரின் படகுகள் வந்து நின்றன. பர்மாமீது படையெடுக்கப் போகிறோம், வழிக்கு அரிசி வேண்டும் என்றார்கள். சயாமுக்குக் கப்பமாகத் தங்கப்பூ அனுப்பிவரும் நாடு அரிசி இல்லையென்று சொல்ல முடியாது. கரையில் அரிசி அளந்துகொண்டிருக்கும்போதே தாக்குதல் தொடங்கிவிட்டது என்கின்றன அந்தக் காலக் குறிப்புகள். கோட்டை விழுந்தது. தலைமை அமைச்சரான பெண்டஹாரா பிடிபட்டார். சுல்தான் அகமது தாஜுடின் ஹலிம் ஷா காட்டுவழியாகத் தப்பித் தெற்கே வந்து, பினாங்கில் அடைக்கலம் புகுந்தார்.

சுல்தானுக்குப் பின்னால் நாடே கிளம்பியது. படகு வைத்திருந்தவர்கள் கடல் வழியாக வந்தார்கள். இல்லாதவர்கள் மூடா ஆற்றைக் கடந்தார்கள். ஆற்றின் தென்கரை அன்றைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம். இன்று நாம் செபராங் பிறை என்று சொல்லும் பகுதி, அப்போது அதற்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர். பெரும்பகுதி காடும் சதுப்பும். 1820-இல் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். 1830-களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 45,000-ஐ ஒட்டிவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் ஏழு மடங்கு. பினாங்கின் வரலாற்றில் இத்தனை பெரிய அகதி வருகை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சென்ற இதழில் பார்த்த செரானியர்கள் (யூரேசியர்கள்) சிறு கூட்டம். பூக்கெட்டிலிருந்து பாதிரியாரோடு வந்து, பூலாவ் திக்குசில் ஒரு கோயிலைச் சுற்றி ஒரு கம்பமாக (சிற்றூராக) ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களால் நகரத்தின் அரிசி விலை மாறவில்லை, போலீஸ் செலவு ஏறவில்லை. கெடாக்காரர்களின் கதை அப்படி இல்லை. ஓர் அரசாங்கத்தின் கஜானா, காவல், நீதிமன்றம், நிலப் பதிவு எல்லாவற்றையும் அவர்கள் வரவு உலுக்கியது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கப்போகிறேன்.

முதலில் சோற்றுக் கதை. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த கெடாதான் பினாங்கின் நெற்களஞ்சியம். ஜார்ஜ்டவுன் சந்தைக்கு அரிசி, மாடு, கோழி, மீன் எல்லாம் அங்கிருந்துதான் வரும். கெடாத் துறையில் காலங்காலமாகக் கடை விரித்திருந்த சூலியா (தமிழ் முஸ்லிம்) வணிகர்களுக்கு இந்தப் போக்குவரத்தில் பெரும் பங்கு உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவை வாங்கியபோது, சயாம் தாக்கினால் ஆங்கிலேயர் காப்பாற்ற வேண்டும் என்பதே கெடா சுல்தான் அப்துல்லாவின் முதல் எதிர்பார்ப்பு. கம்பெனி அந்த வாக்கைக் கொடுக்கவே இல்லை. அதற்குப் பதில் பணம் கொடுத்தது: 1791 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி, 1800-இல் எதிர்க்கரையும் சேர்ந்தபின் 10,000 வெள்ளி. 1821-இல் தப்பி வந்தவர் அந்த அப்துல்லாவின் மகன். தகப்பன் எதற்காகத் தீவைக் கொடுத்தாரோ, அந்த ஆபத்து மகன் தலையில் இறங்கியது. தீவை வாங்கியவர்கள் கோட்டைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கெடா எரிந்ததும் சந்தைக்கு வரும் சரக்கு தடைப்பட்டது. அதே நேரத்தில் சாப்பிட வேண்டிய வாய்கள் பெருகின. ஒரு சின்ன ஊருக்கு இதைவிட மோசமான நேரம் வாய்க்காது.

அப்போது ஆளுநராக இருந்தவர் வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ். சுல்தானை ஒப்படைக்கும்படி லிகோர் கேட்டது. பிலிப்ஸ் மறுத்தார். சயாமியப் படகுகள் பிறை ஆற்றுக்குள் நுழைந்தபோது சிப்பாய்களை அனுப்பி வெளியேற்றினார். பிலிப்ஸ் செய்தது துணிச்சலான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கல்கத்தாவிலிருந்த கம்பெனி மேலிடத்துக்கோ சயாமோடு சண்டை வேண்டாம், வியாபாரம் வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில், பாங்காக் போகும் வழியில் ஜான் கிராஃபர்டின் தூதுக்குழு பினாங்கில் இறங்கியது. அடைக்கலம் கொடுத்த ஊரில் நின்றுகொண்டு, துரத்தியவனிடம் வியாபாரம் பேசக் கப்பல் ஏறினார்கள்.

அந்த முயற்சி 1826 ஜூனில் ஹென்றி பர்னி பாங்காக்கில் செய்த ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன் 13-ஆவது பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். கெடா சயாமிடமே இருக்கும். பழைய சுல்தானைப் பினாங்கிலோ, பிறையிலோ, பேராக்கிலோ, சிலாங்கூரிலோ குடியிருக்க ஆங்கிலேயர் விடமாட்டார்கள். பதிலுக்கு, பினாங்குக்காரர்கள் கெடாவில் வாங்கும் மாடு, எருமை, கோழி, மீன், நெல், அரிசிக்குச் சயாம் வரி போடாது. ஓர் அகதி எங்கே தூங்கலாம் என்பதும் கோழிக்கு வரி உண்டா என்பதும் ஒரே பிரிவில் எழுதப்பட்டிருக்கின்றன. அடைக்கலம் என்பது விருந்தாளி வந்துவிட்ட பிறகும் தொடர்ந்து பேரம் பேசப்படும் விஷயம் என்று எனக்குக் காட்டியது அந்தப் பிரிவுதான்.

சுல்தான் எளிதில் கிளம்பவில்லை. அடுத்த ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்டனுக்கும் பர்னியின் ஒப்பந்தம் பிடிக்கவில்லை. ஆயினும் 1831-இல் சுல்தான் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார்.

மன்னரைப் பற்றி இத்தனை கடிதங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூடா ஆற்றைக் கடந்து வந்த சாதாரண சனங்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு முகாம் கட்டவில்லை. கஞ்சித் தொட்டி திறந்து பல ஆண்டுகள் ஊட்டவுமில்லை. காட்டை வெட்டச் சொன்னார்கள். வெட்டிய நிலத்தை வைத்துக்கொள்ள விட்டார்கள். மலாய் வழக்கப்படி, யாருக்கும் உரிமையில்லாத காட்டை வெட்டித் திருத்தியவனுக்கே நிலம். கம்பெனி அந்த வழக்கத்தின்மேல் ஒரு சீட்டை ஒட்டியது: காடு வெட்ட அனுமதிச் சீட்டு, பிறகு அளவை, பிறகு பட்டா, பிறகு வரி. நிலத்தை ஓர்லோங் கணக்கில் அளந்தார்கள். ஓர்லோங் என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்.

இந்த வேலையைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் லோ. மதராஸ் படையிலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர். சயாமிய மொழி கற்றவர். 1827 முதல் 1840 வரை மாகாணத்தின் மேற்பார்வையாளர். வரி வாங்குபவரும் அவரே, வழக்கு விசாரிப்பவரும் அவரே, தாணாவை நடத்துபவரும் அவரே. ஒரே ஆளிடம் இத்தனை அதிகாரம் இருப்பது நல்லதல்ல. ஆனாலும் அகதி விஷயத்தில் அதற்கொரு பலன் இருந்தது. ஒரு குடும்பம் வந்தால் அதற்கு நிலம் எங்கே, பாதை எங்கே, அந்தக் கம்பத்துக்குப் பெங்ஹுலு (ஊர்த்தலைவர்) யார், தகராறு வந்தால் எந்தத் தாணாவுக்குப் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் முடிவு செய்தது. பாதைகளையும் வாய்க்கால்களையும் வெட்டியதில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. ஊர் திரும்ப முடியாத ஒருவன் போட்ட சாலையில் ஊரை இழந்த இன்னொருவன் நெல் மூட்டை சுமந்து போனான்.

1836-இல் லோ பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் செபராங் பிறை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த சதுப்புக் காடு அல்ல, நெல் வயல். கெடாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோனதால் தவித்த தீவுக்கு, கெடாவிலிருந்து வந்த மனிதர்களே எதிர்க்கரையில் நெல் விளைவித்தார்கள். பிற்பாடு கரும்புத் தோட்டங்கள் வந்தன; அந்தத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். நிபோங் திபால், பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அவர்கள் வந்து இறங்கியபோது செபராங் பிறை வெறுங்காடாக இல்லை. பாதை இருந்தது, தாணா இருந்தது, நெல் விளைந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் கம்பெனியின் கருணை என்று நான் எழுதமாட்டேன். ஆள் இல்லாத நிலத்துக்கு ஆள் கிடைத்தது, வரி கிடைத்தது. மூடா ஆற்றங்கரையில் சயாமுக்கு எதிராக ஒரு மனித வேலியும் கிடைத்தது. ஆனால் சுயநலத்தினால் செய்த காரியம்கூட ஒழுங்காகச் செய்யப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த வயல்கள் காட்டின.

சங்கடங்களும் இருந்தன, அவற்றை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. மாகாணத்தில் வழிப்பறியும் கும்பல் கொள்ளையும் அந்த ஆண்டுகளின் ஓயாத புகார். எல்லைக்கு அப்பால் போர், இப்பால் திடீரென்று பெருகிய சனம், நடுவில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய காவலர்கள். இந்த நேரத்தில் லண்டன் சிக்கனம் பார்த்தது. 1830-இல் பினாங்கு தனி ராஜதானி என்ற அந்தஸ்தை இழந்தது. அதிகாரிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வெட்டப்பட்டது. ஆளுநர் பதவியோடு நீதிமன்றத்தின் அதிகாரமும் போய்விட்டது என்று ஃபுல்லர்டன் கருதியதால் நீதிமன்றமே மூடிக்கிடந்தது. 1832-இல்தான் மறுபடி திறந்தது. மக்கள்தொகை ஏறிய அதே ஆண்டுகளில் அவர்களுக்கான சேவை குறைந்தது. 'வந்தவர்களால்தான் ஒழுங்கு கெட்டது' என்று புலம்பிய கடிதங்களுக்குப் பஞ்சமில்லை; ஆட்களை வெட்டியதால் கெட்டது எவ்வளவு என்று அவற்றில் யாரும் கணக்குப் போடவில்லை.

ஆங்கிலேயரின் மனப்போக்கு எப்படி மாறியது என்பதற்கு அதே ஆண்டுகளில் நடந்த இரண்டு கலகங்கள் சாட்சி. 1831-இல் சுல்தானின் மருமகன் முறையான துங்கு குடின், செபராங் பிறையில் ஆள் திரட்டிக் கெடாவை மீட்கப் புறப்பட்டார். மாதக்கணக்கில் பிடித்தும் வைத்திருந்தார். கடைசியில் கோட்டையிலேயே சண்டையிட்டு மாண்டார். 1838-இல் துங்கு முகமது சாஆட் அதையே இன்னும் பெரிதாகச் செய்தார். இரண்டு முறையும் ஆங்கிலேயர் சயாமுக்காகக் கெடாக் கரையை மறித்துக் கப்பல் நிறுத்தினார்கள். வயலில் நிற்கும்போது உழைப்பாளிக் குடியானவன் என்று பாராட்டப்பட்டவன், தன் ஊரைத் திரும்பக் கேட்டுப் படகில் ஏறியதும் கடற்கொள்ளைக்காரன் ஆனான். இரண்டு முறையும் கலகம் தோற்றதும் புதிதாக ஆயிரக்கணக்கானவர்கள் மூடாவைக் கடந்து வந்தார்கள்.

1838-இல் அந்த மறியல் படகுகளில் ஒன்றை நடத்தியவன் ஷெரார்ட் ஆஸ்பர்ன் என்ற கடற்படைப் பையன். வயது பதினாறு. கொள்ளைக்காரர்களைப் பிடிக்கிறோம் என்று போனவன், மலாய் மாலுமிகளோடு பல மாதம் ஒரே படகில் வாழ்ந்தான். பெண்களும் குழந்தைகளும் தப்பியோடியதை நேரில் பார்த்தான். 1857-இல் அவர் எழுதி வெளியிட்ட நூலில் மலாய்க்காரர்கள்மீது மதிப்பும் பரிவும் தெரிகின்றன. முகமது சாஆட் மீது கடற்கொள்ளைக் குற்றம் சாட்டி 1840-இல் பினாங்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பறிபோன தன் நாட்டை மீட்கப் போரிடுவது கொள்ளையல்ல என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஜார்ஜ்டவுன் நீதிமன்றம் தன் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய தீர்ப்புகளில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

1842-இல் சுல்தான், சுருங்கிப்போன கெடாவுக்குத் திரும்பினார். சனங்களில் ஒரு பகுதி திரும்பியது, பெரும்பகுதி தங்கிவிட்டது. இன்று செபராங் பிறையின் மலாய்க் கம்பங்களில் கெடா வாசம் வீசும் பேச்சைக் கேட்கலாம். அவர்கள் எல்லோரும் பினாங்குக்காரர்கள். வேறு எப்படியும் யாரும் நினைப்பதில்லை.

இப்போது அதே நிலத்தில் இருநூறு ஆண்டுகள் தள்ளி வருகிறேன். மியன்மாரின் ராக்கைனிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியர்கள் பினாங்கில் பல ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பாயான் லெப்பாஸ் பக்கம், புக்கிட் மெர்தாஜம் பக்கம், கட்டுமான வேலை, புல் வெட்டும் வேலை, பழைய இரும்பு பொறுக்கும் வேலை என்று அவர்களைப் பார்க்காத பினாங்குக்காரர் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம். பாதிக்கு மேல் ரோஹிங்கியர். மலேசியர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குக்கூட வராது. 1830-களின் செபராங் பிறையோடு ஒப்பிட்டால் இது ஒரு சுமையே அல்ல. ஆனால் மனங்களில் இதுதான் கனக்கிறது.

காரணத்தைச் சட்டத்தில் தேட வேண்டும். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் அகதி என்று ஒருவர் கிடையாது. அனுமதியின்றி வந்தவர் மட்டுமே உண்டு. ஐ.நா. அட்டை வைத்திருந்தாலும் வேலை செய்யச் சட்டம் இடம் தராது. ஆகவே மறைந்து வேலை செய்கிறார்கள்; முதலாளி கொடுப்பதுதான் கூலி. உள்ளூர் ஆளின் கூலியும் அதனால் இறங்குகிறது. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அது போய்ச் சேரும் முகவரி தவறு.

ஆஸ்பத்திரியைப் பாருங்கள். குடிமகனான எனக்கு அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி. ஐ.நா. அட்டை உள்ளவருக்கு வெளிநாட்டினர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே நாள்கூலிக்காரனுக்கு மலை. அட்டை இல்லாதவர் வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ சொல்ல வேண்டும் என்று 2001-இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. விளைவு, காய்ச்சலில் வர வேண்டியவர் சன்னி கண்டபின் வருகிறார். முதல் மாதங்களிலேயே சோதிக்க வேண்டிய கர்ப்பிணி பிரசவ வலியோடு வருகிறார். வார்டில் படுக்கை நிரம்புகிறது, செலவு ஏறுகிறது. 'இவங்களாலதான் நமக்கு நேரமாகுது' என்ற பேச்சு வரிசையில் கிளம்புகிறது. நெரிசல் உண்மை. ஆனால் முன்கூட்டியே வரவிட்டிருந்தால் அதில் ஒரு பகுதி இருந்திருக்காது.

லோவின் காலத்தில் நிலமும் காவலும் வரியும் ஒரே மேசையில் இருந்தன. இன்று நிலமும் குப்பையும் தண்ணீரும் மாநிலத்தின், நகராண்மையின் பொறுப்பு. குடிநுழைவு, பள்ளி, மருத்துவமனை புத்ராஜெயாவின் பொறுப்பு. குப்பை எடுப்பது மாநகர் மன்றம். அந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்வது இன்னொருவர். வாடகை வீட்டின் கதவு வரி வாடகைக்குள் அடங்கித்தான் இருக்கிறது, கடையில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரியும் போகிறது. ஆயினும் 'ஒன்றும் கட்டாமல் எல்லாம் அனுபவிக்கிறார்கள்' என்ற பேச்சு ஓய்வதில்லை.

நம் சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் 75 இலங்கைத் தமிழர்களோடு ஒரு படகு பினாங்குக் கடலில் நின்றது. ஆஸ்திரேலியா போகக் கிளம்பியவர்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் கரையேறவே மறுத்தார்கள். அன்று பினாங்குத் தமிழர்கள் துடித்தோம், அவர்களுக்காகக் குரல் கொடுத்தோம். பத்து ஆண்டு கழித்து, 2020 ஏப்ரலில், ஏறக்குறைய 200 ரோஹிங்கியர்கள் இருந்த படகை லங்காவி அருகே கடற்படை திருப்பி அனுப்பியது. அதையொட்டி இணையத்தில் வெறுப்பு அலை எழுந்தது. தமிழர்கள் நிறைந்த புலனக் குழுக்களிலும் அதே பேச்சு ஓடியதை நான் பார்த்தேன். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தாத்தா பாட்டிகளைக் கொண்ட வீடுகளிலிருந்தும் அந்தச் செய்திகள் வந்தன. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

2022 ஏப்ரல் 20 விடியலில் சுங்கை பாக்காப் தற்காலிகத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியர்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். லோ சீட்டுக் கொடுத்து அகதிகளைக் குடியேற்றிய அதே கெடா எல்லை அது.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. 2017-இல் 300 ரோஹிங்கியர்களுக்குத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை கொடுக்கும் முன்னோட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. அகதிகளுக்கு வேலை உரிமை கொடுத்தால் 2024-க்குள் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 300 கோடி வெள்ளிக்கு மேல் சேரும் என்று 2019-இல் ஐடியாஸ் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சிறுவர் உரிமை உடன்படிக்கையில் 1995-இல் இணைந்தபோது இலவசத் தொடக்கக் கல்வி பற்றிய பிரிவுக்கு மலேசியா வைத்த விலக்கு இன்னும் நீங்கவில்லை. அதனால் பினாங்கில் பிறந்து பினாங்கு மலாய் பேசும் ரோஹிங்கியப் பிள்ளை, தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் தேசியப் பள்ளியில் சேர முடியாது. தொண்டர்கள் நடத்தும் கற்றல் மையத்தில் படித்துவிட்டுப் பதினைந்து வயதில் கட்டுமான வேலைக்குப் போகிறது.

அடுத்த இதழில், 1873-இல் ஆச்சே போர் மூண்டபோது லெபோ ஆச்சேயின் மிளகு வணிகர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

(தொடரும்)